தூர்மலேக்குக் கொல்லைப்புற வழி

ஜூலை பிறந்துவிட்டால் மூன்று வாரத்துக்கு எங்கள் வீட்டு டிவி ரிமோட் என் கையில்தான். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் மலையேறுகிற நேரமும் நம் ஊர் இரவுச் சாப்பாட்டு நேரமும் கச்சிதமாகப் பொருந்திவிடும். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். திரையில் எலும்பும் தோலுமான ஒருவர் வாயைப் பிளந்தபடி மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருப்பார். முன்னால் ஆள் இல்லை, பின்னால் ஆள் இல்லை, மனிதனும் மலையும் மட்டும்! எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேமரா கொஞ்சம் திரும்பினால் போதும், அங்கே ஒரு கல்யாண வீடே நடந்துகொண்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. சோறு வடிக்கிறவர், ஐஸ் கட்டுகிறவர், பெயிண்ட் அடிக்கிறவர், கணக்குப் போடுகிறவர், தலைக்கு மேலே வட்டமடிக்கிற விமானம் என்று ஒரே அமளி. அன்றிலிருந்து எனக்கு அந்த ஒல்லி மனிதரைவிட அந்த அமளிமேல்தான் கண். கல்யாணத்தில் மணமேடைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிடப் பந்திக்குப் பின்னால் போய் எட்டிப்பார்ப்பதில்தானே ருசி? வாருங்கள், கொல்லைப்புறமாக நுழைவோம்.

மலையின் பெயர் தூர்மலே. தமிழ்க் காதுக்கு இது ‘தூர மலை’ என்றே விழும்; ஏறுகிறவர்களைக் கேட்டால் அதுவே சரி என்பார்கள். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மதில் எழுப்பினாற்போல் நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரில், பிரான்ஸ் பக்கம் 2115 மீட்டர் உயரத்தில் இருக்கிற கணவாய் இது. கிழக்கே சென்ட்-மரி-த-கம்பான் என்ற சிற்றூரிலிருந்து 17 கிலோமீட்டர், மேற்கே லூஸ் ஊரிலிருந்து 19 கிலோமீட்டர். எந்தப் பக்கம் ஏறினாலும் நூறு மீட்டர் போவதற்குள் ஏழு மீட்டருக்கு மேல் உயர வேண்டும். அதுவும் சராசரிக் கணக்கு. கிழக்குப் பக்கச் சாலை முதல் நாலைந்து கிலோமீட்டர் சாதுவாக நடந்துகொள்ளும், பிறகு சுயரூபம் காட்டும்.

இந்த மலை பந்தயத்துக்குள் வந்ததே ஒரு புளுகால்தான். பந்தயத்தை 1903-ல் தொடங்கியது ‘லோட்டோ’ என்ற பத்திரிகை, நாலு பிரதி கூடுதலாக விற்பதற்காக. 1910-ல் அதன் ஊழியர் அல்ஃபோன்ஸ் ஸ்டைனஸ், ‘பிரனீஸ் மலைமேல் சைக்கிள் விட்டால் என்ன?’ என்று ஆசிரியர் ஆன்றி தெகிரான்ஜைக் குடைந்தெடுத்து, வழியைப் பார்த்துவரக் கிளம்பினார். தூர்மலேயில் கார் பனியில் சிக்கிக்கொண்டது. இறங்கி நடந்தார். இருட்டில் வழுக்கி விழுந்து, உருண்டு, விடிவதற்குள் மறுபக்கத்து பரேஜ் ஊர்க்காரர்கள் கையில் அரை உயிராகக் கிடைத்தார். மறுநாள் ஆசிரியருக்குத் தந்தி அடித்தார்: சாலை மிக நன்றாக இருக்கிறது, தாராளமாகப் போகலாம்! சத்தியமாகச் சொல்கிறேன், விளையாட்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பொய் இதுதான்.

அந்தத் தந்தியின் பலனை 1910 ஜூலை 21 அன்று வீரர்கள் அனுபவித்தார்கள். ஒரே நாளில் 326 கிலோமீட்டர், கியர் மாற்றும் வசதி இல்லாத இரும்பு சைக்கிள், கரடுமுரடான மண் பாதை. தூர்மலேயை முதலில் கடந்த ஒக்தாவ் லாப்பீஸே இடையிடையே இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். கடைசிவரை காலை ஊன்றாமல் மிதித்தே ஏறிய குஸ்தாவ் கரிகூவுக்கு 100 பிராங்க் பரிசு. அடுத்த மலையில் லாப்பீஸ் பந்தய நிர்வாகிகளைப் பார்த்து ‘கொலைகாரர்களே!’ என்று கத்தினார். கத்திவிட்டு அன்றைய ஓட்டத்தையும், பிறகு அந்த ஆண்டுப் பந்தயத்தையும் அவரே ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

அது பழைய கதை. இப்போது ஒரு பந்தய நாளின் மலைக்குப் போவோம்.

நாளென்ன நாள், இரண்டு மூன்று நாள் முன்னாலிருந்தே மலை நிரம்பத் தொடங்கிவிடுகிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்த வேன்கள் சாலையோரம் எங்கெங்கே சமமாக இடம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் ஒண்டிக்கொள்கின்றன. குடை விரிகிறது, இறைச்சி வாட்டும் புகை எழுகிறது, தாத்தாக்கள் சீட்டாட உட்கார்ந்துவிடுகிறார்கள். இவர்களை எந்த வித அக்கறையும் இல்லாமல் வேடிக்கை பார்த்தபடி மாடுகள். கூடவே லாமாக்கள்! தென் அமெரிக்காவின் லாமா பிரனீஸ் மலைச்சாலையில் நிற்பதைப் பார்த்தால் டிவி சேனல் மாறிவிட்டதோ என்று தோன்றும். வளர்ப்பு விலங்குகள்தான், கோடையில் மேய விடுகிறார்கள். பந்தயம் இல்லாத நாளில் ஏறிவரும் சைக்கிள்காரருக்கு அவை வழிவிடும் அழகே தனி, அதாவது விடாது.

ராத்திரியானால் ரசிகர்கள் பெயிண்டும் பிரஷ்ஷுமாகச் சாலையில் இறங்குகிறார்கள். தங்கள் வீரரின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதத்தான். ஆனால் கூட்டம் என்றால் குசும்பர்களும் இருப்பார்கள் இல்லையா? வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியாத அங்க அடையாளங்களையும் வரைந்துவிடுவார்கள். ஹெலிகாப்டர் கேமராவுக்கு அது பளிச்சென்று தெரியும். உலகமே பார்க்கிற நேரடி ஒளிபரப்பு!

இதற்கென்றே பந்தய நிர்வாகிகள் ஆள் வைத்திருக்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பந்தயத்துக்கு முன்னால் வெள்ளை பெயிண்டோடு ஒரு வேன் போகிறது. கண்டபடி வரைந்திருந்தால் நிறுத்தி இறங்குவார்கள். அழித்தால் மட்டும் போதாது, அடியிலிருக்கும் வடிவம் எட்டிப்பார்க்கும். அதனால் அந்த உருவத்துக்கே இரண்டு இறக்கை, நாலு கோடு, ஒரு ஜோடி கண் சேர்த்துவிடுகிறார்கள். வக்கிரம் பட்டாம்பூச்சியாகிவிடும், சில சமயம் ஆந்தை. அடுத்த முறை டிவியில் மலைச்சாலையில் பட்டாம்பூச்சியைப் பார்த்தால் அதன் பூர்வாசிரமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நான் நினைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்க, வீட்டில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

வீரர்கள் வருவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம். 1930-லிருந்து நடக்கிறது. ராட்சத பொம்மை வைத்த வண்டி, பாட்டுப் போடும் வண்டி என்று கிலோமீட்டர் கணக்கில் நீளும். வண்டிமேல் கயிறு கட்டி நிற்கிற இளைஞர்கள் தொப்பி, சாவி வளையம், பொட்டலம் கட்டிய குட்டி சாஸேஜ் எல்லாவற்றையும் வாரி இறைக்கிறார்கள். நம் ஊர்த் தேரில் சாமி வருவதற்கு முன் யானை, குதிரை, நாதஸ்வரம் வருமே, அந்த வரிசை. கோட்டு சூட்டோடு அலுவலகம் போகிற மனிதர்கள் சாஸேஜ் பொட்டலத்துக்காகப் பள்ளத்தில் பாய்வதைப் பார்த்தால் இலவசத்தின்மேல் மனித குலத்துக்கு உள்ள பக்தி புரியும். பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள் என்பது என் சந்தேகம்.

சரி, சமையற்கட்டுக்கு வாருங்கள். அணிக்கு எட்டு வீரர்கள், அவர்களைக் கட்டி மேய்க்க அதைப்போல மூன்று மடங்கு ஆட்கள். பெரிய அணிகள் சொந்தமாகச் சமையல் லாரியே கொண்டுவருகின்றன. மெத்தையைக்கூட ஹோட்டலுக்கு ஹோட்டல் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், இடம் மாறினாலும் தூக்கம் மாறக்கூடாதாம். ‘ஸ்வான்யர்’ என்று ஒரு பதவி உண்டு. கால் பிடித்துவிடுவது, துணி துவைப்பது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, சாப்பாட்டுப் பை கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், அம்மா.

இந்த அம்மாக்கள் காலையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அரிசியைக் குழையக் குழைய வேகவைத்து, சர்க்கரை போட்டு, மிருதுவான சீஸ் கலந்து, தட்டில் அழுத்தி ஆறவைத்து, வில்லை வில்லையாக வெட்டி அலுமினியத் தாளில் மடிக்கிறார்கள். சர்க்கரைப் பொங்கலின் வெள்ளைக்காரத் தங்கச்சி! ஓடுகிற சைக்கிளில் ஒரு கையால் பிரித்து வாயில் போட்டுக்கொள்ளத் தோதான கட்டுச்சோறு. கூடவே பாகுபோல இருக்கும் ஜெல் பொட்டலங்கள். கடினமான நாட்களில் மணிக்கு 90 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசி எடுக்கிறதோ இல்லையோ, மணியடித்தால் சாப்பிட வேண்டும்.

ஏன் இந்த ஊட்டல்? நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளும் சைக்கிளும் உடையும் பாட்டிலும் சேர்த்து 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பக்கத்திலிருந்து உச்சிவரை அதை 1268 மீட்டர் மேலே தூக்க வேண்டும். உடம்பு எரிப்பதில் நாலில் ஒரு பங்குகூடப் பெடலுக்குப் போய்ச் சேராது, மிச்சமெல்லாம் சூடு. ஆக தூர்மலே ஒன்றுக்கு மட்டும் சுமார் 1000 கலோரி. பதினெட்டு இட்லி! ஒரு மணி நேரத்துக்குள்! அன்றைக்கு இது ஒரு மலைதான், முன்னும் பின்னும் இன்னும் மலைகள் இருக்கும்.

அந்தச் சூட்டுக்கு மருந்து? பெண்கள் காலுறை. ஆமாம், நைலான் ஸ்டாக்கிங். துண்டு துண்டாக வெட்டி, ஐஸ் கட்டி நிரப்பி, முடிச்சுப் போட்டு, ஏறும்போது வீரரின் கழுத்துக்குப் பின்னால் பனியனுக்குள் செருகுகிறார்கள். உருகி உருகி முதுகில் வழிந்துகொண்டே இருக்கும். பேட்ஜ் போட்ட பெரிய உருவத்துக்காரர் ஒருவர் சூப்பர்மார்க்கெட்டில் கூடை நிறைய நைலான் காலுறை வாங்கி வரிசையில் நிற்பதைக் கற்பனை செய்து பாருங்கள். உலகின் மிக உயர்ந்த விளையாட்டு விஞ்ஞானம், ஐயா!

இப்போது வீரர்களுக்குப் பின்னால் ஊர்ந்துவரும் கார்களுக்குள் புகுவோம். கூரைமேல் மாற்று சைக்கிள்கள், உள்ளே ஐஸ் பெட்டி, முன்னால் ஒரு குட்டி டிவி, ஓட்டுகிறவர் வாயில் ஓயாத ரேடியோப் பேச்சு, மூக்கில் கிளட்ச் கருகும் வாடை. இங்கேதான் எனக்குப் பிடித்த திருட்டுத்தனங்கள் நடக்கின்றன.

காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார்கள், வீரர் பிடிக்கிறார். பிடிக்கிறாரா? பிடித்துக்கொண்டே இருக்கிறார். கார்க்காரரும் விடவில்லை. பாட்டிலில் பசை தடவியதுபோல இரண்டு கையும் ஒட்டிக்கொள்ள, கார் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை அழுத்த, ஐந்து விநாடி இலவச சவாரி! இன்னொன்று, மெக்கானிக் ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே தொங்கி, ஓடுகிற சைக்கிளின் பிரேக்கை ஸ்பானர் வைத்துத் திருகுவார். சில சமயம் உண்மையிலேயே பிரேக்கில் கோளாறு இருக்கும். பல சமயம் இருக்காது. மெக்கானிக் ஒரு கையால் சீட்டைப் பிடித்திருக்கிறார் இல்லையா, அதுதான் வைத்தியம். நடுவர் பார்த்தால் அபராதம். கண்டும் காணாத நடுவர்களும் உண்டு, அவர்களும் மனிதர்கள்தானே.

சிறுநீர் கழிப்பதற்குக்கூடச் சட்டம் இருக்கிறது. ஆளில்லாத இடத்தில் எல்லோருமாக ஒதுங்கலாம், அப்போது யாரும் முந்திப் பாயக்கூடாது என்பது எழுதாத தர்மம். ரசிகர்கள் கண்ணில் படும்படி போனால் அபராதம் கட்ட வேண்டும். மலை தொடங்குவதற்கு முன்பே காரியத்தை முடித்துக்கொள்வது உத்தமம்.

உதவி என்ற இந்தச் சங்கதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யூஜீன் கிறிஸ்தோஃப் ஞாபகம் வந்துவிடும். 1913-ல் இதே தூர்மலேயிலிருந்து சென்ட்-மரி-த-கம்பான் பக்கம் இறங்கும்போது அவருடைய சைக்கிளில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. அந்த ஆண்டுப் பந்தயத்தையே ஜெயிக்கும் நிலையில் இருந்தவர். வேறு சைக்கிள் வாங்கக்கூடாது, யாரும் கை கொடுக்கக்கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் மலைச்சரிவில் நடந்தார், அழுதுகொண்டே. ஊருக்குள் கொல்லுப்பட்டறை ஒன்றைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சி, தானே அடித்து, ஃபோர்க்கைச் செய்துகொண்டார். பூட்டு வேலை தெரிந்தவர் என்பதால் பிழைத்தார். பந்தய அதிகாரிகள் பட்டறை வாசலில் நின்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது துருத்தியை யார் ஊதுவது? பட்டறையில் இருந்த ஒரு சின்னப் பையன் ஊதினான். வந்தது தண்டனை! வெளியார் உதவி பெற்றதற்காகப் பத்து நிமிடம் கூட்டினார்கள், பிறகு மனசு இரங்கி மூன்றாகக் குறைத்தார்கள். ஏற்கெனவே நாலு மணி நேரம் போய்விட்ட மனிதருக்கு இது வேறு. அப்படியும் அந்தப் பந்தயத்தை ஏழாவதாக முடித்தார். மொத்தப் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் பனியனை 1919-ல் முதன்முதலாக அணிந்தவரும் இவர்தான். விதியைப் பாருங்கள், அந்த ஆண்டும் ஃபோர்க் முறிந்தது. இன்றைக்கு டயரில் காற்று இறங்கினால் கையைத் தூக்கினால் போதும், இருபது விநாடியில் சைக்கிளே மாறிவிடுகிறது. அந்தப் பையனை ஒரு அணி காரில் உட்காரவைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இன்றைய அதிகாரிகள் துருத்தியைத் தேடுவதில்லை, மோட்டாரைத் தேடுகிறார்கள். 2016-ல் ஓர் உலகப் போட்டியில் நிஜமாகவே சைக்கிள் சட்டத்துக்குள் ஒளித்துவைத்த மோட்டார் சிக்கியது. பிற்பாடு அன்றைய ஓட்டம் முடிந்ததும் சைக்கிளுக்கு எக்ஸ்ரேவும் வந்துவிட்டது. எடையும் பார்ப்பார்கள், 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது.

முன்னால் போகிறவர்களைத்தான் கேமரா காட்டும். நான் உங்களைப் பின்னால் கூட்டிப்போகிறேன், மலையின் சுவாரசியமே அங்கேதான். சமவெளியில் மின்னலாகப் பாயும் கனத்த உடம்புக்காரர்கள் மலையில் திணறுவார்கள். ஜெயித்தவர் எடுத்த நேரத்துக்குமேல் இத்தனை சதவீதத்துக்குள் வந்து சேராவிட்டால் பந்தயத்திலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். அதனால் எதிரி, நண்பன் பார்க்காமல் எல்லா அணிக்காரர்களும் கும்பலாகச் சேர்ந்துகொள்கிறார்கள். இதற்குப் பெயரே பஸ். டிரைவர் என்று ஒரு மூத்தவர் இருப்பார். ஏற்றத்தில் எவ்வளவு நேரம் இழக்கலாம், இறக்கத்தில் எவ்வளவு மீட்கலாம் என்று மனக்கணக்குப் போட்டு, ‘மெதுவா, மெதுவா, யாரையும் விட்டுடாதீங்க’ என்று ஓட்டிக்கொண்டு போவார். ஆஸ்திரியாவின் பெர்ன்ஹார்டு ஐசல் இதில் பேர்போனவர். அன்றாட ஓட்டங்களில் 35 முறை ஜெயித்து டூர் வரலாற்றில் முதலிடம் பிடித்த மார்க் கேவண்டிஷ், எத்தனையோ மலைகளை அவருடைய பஸ்ஸில் தொற்றிக்கொண்டுதான் கடந்தார். அந்த பஸ்ஸுக்கும் பின்னால் ஒரு வண்டி, துடைப்பக்கட்டை வண்டி. முடியாமல் நின்றவர்களை வாரிப்போட்டுக்கொண்டு வரும். அதுவும் இந்த மலைகள் சேர்ந்த அதே 1910-ல்தான் பந்தயத்துக்குள் வந்தது. ஸ்டைனஸின் தந்தியை நிர்வாகமே முழுசாக நம்பவில்லை போல!

உச்சி வந்துவிட்டது. மறுபக்கம் ஒரே இறக்கம், மணிக்கு 80, 90 கிலோமீட்டர் வேகம். நனைந்த பனியன்மேல் அந்தக் காற்று பட்டால் நெஞ்சு உறைந்துவிடும். ஓரத்தில் நிற்பவர்கள் என்ன நீட்டுகிறார்கள் என்று பாருங்கள்: செய்தித்தாள்! வாங்கி, பனியனுக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு பாய்கிறார்கள். இப்போது இலேசான ஜாக்கெட்டுகள் வந்துவிட்டன, ஆனாலும் இந்த வழக்கம் முழுசாகப் போய்விடவில்லை. பேப்பர் விற்கத் தொடங்கிய பந்தயத்தில் பேப்பருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று பழைய பத்திரிகைக்காரனான எனக்குக் கொஞ்சம் பெருமை.

மலை நினைத்தால் இந்தக் கல்யாணத்தையே மறைத்துவிடவும் செய்யும். மோட்டார் பைக் கேமரா பிடிக்கும் படம் மலை மடிப்புகளைத் தாண்டாது என்பதால், மேலே வட்டமடிக்கும் ஹெலிகாப்டரும் விமானமும் அதை வாங்கிக் கீழே ஒளிபரப்பு வண்டிகளுக்கு அனுப்புகின்றன. ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால் கேமராவுக்கே கண் தெரியாது. 2023 ஜூலை 29, பெண்கள் டூர் பந்தயத்தின் அன்றைய முடிவுக்கோடு தூர்மலே உச்சியில். ஒரே மூடுபனி. எல்லைக்கோட்டில் நின்றவர்களுக்குப் பத்தடிக்கு அப்பால் எல்லாம் பால். அந்தப் பாலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தவர் நெதர்லாந்தின் டெமி வொல்லரிங். அடுத்தவர் வருவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆனது. அன்றைக்கு மஞ்சள் பனியன் அவருக்கு, மறுநாள் மொத்தப் பந்தயமும் அவருக்கு. என் தோசை அன்று கல்லிலேயே கருகியது.

போகிறபோது உச்சியில் நிற்கும் லாப்பீஸுக்கு ஒரு கும்பிடு. முதலில் கடந்தவர் அல்லவா, இரும்பில் சிலை வைத்திருக்கிறார்கள்: சைக்கிள்மேல் எழுந்து நின்று, வாய் பிளந்து, மூச்சுக்குத் தவிக்கிற கோலம். குளிர்காலத்தில் பனி மூடிச் சாலையே அடைபட்டுவிடும் என்பதால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் சிலையைக் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். ஜூன் தொடக்கத்தில் மறுபடி மேலே கொண்டுவருவார்கள். அன்றைக்கு நூற்றுக்கணக்கான சைக்கிள்காரர்கள் வேர்த்து விறுவிறுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, பின்னாலேயே மலையேறுகிறார்கள். லாப்பீஸ் மட்டும் லாரியில் ஜம்மென்று வருகிறார்.